கேமரா வாங்கக் கடனா, சேமிப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளைப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டு எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வேடந்தாங்கல் ஏரிக்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் புதிதாகக் கேமராவோடு வந்து நிற்கிற இளையவர்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் ஒளியைப் பற்றியவை அல்ல, பணத்தைப் பற்றியவை. லென்ஸின் விலை மாதச் சம்பளத்தை விட அதிகமாக இருக்கும்போது அதைத் தவணையில் வாங்குவதா, சேர்த்து வைத்து வாங்குவதா என்பதுதான் அவற்றின் சாரம். அவர்களிடம் நேரில் சொன்னவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குகளில் வரும் விலையும் வட்டி விகிதமும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வங்கியின் விகிதத்தைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வரியில் பதில் வேண்டும். கடனா, சேமிப்பா?

சேமிப்புதான். முழுத் தொகையும் ஏற்கெனவே வங்கிக் கணக்கில் இருந்து, கிரெடிட் கார்டை வெறும் பணம் செலுத்தும் கருவியாக மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது கடன் ஆகாது; அதில் எனக்கு மறுப்பு இல்லை.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி, குழந்தைக்குப் பால் வைக்க இடமில்லாமல் போனால் தவணையில் வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தேவை காத்திருக்காது. தொலைவில் இருக்கும் பறவையை அருகில் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் அப்படிப்பட்டது அன்று. அது இல்லாமல் ஆறு மாதம் இருந்தால் ஏமாற்றம் உண்டாகும், இழப்பு உண்டாகாது. மேலும், சேர்க்கும் அந்த மாதங்களில்தான் ஒருவருக்குத் தாம் எதைப் படம் எடுக்க விரும்புகிறோம் என்பது தெரியவருகிறது. புலி படம் எடுக்க வேண்டும் என்று தொடங்கிய நண்பர் ஒருவர், நான்கு மாதத்தில் தமக்குப் பூச்சிகளின் மேல்தான் ஈர்ப்பு என்று கண்டுகொண்டு, திட்டமிட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, சிறியவற்றை மிக அருகிலிருந்து எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸோடு நிறைவடைந்தார். முதல் வாரமே தவணை போட்டிருந்தால் பயன்படாத பெரிய லென்ஸுக்கு இரண்டு ஆண்டு கட்டியிருப்பார். வட்டியை விட இதையே நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்கிறார்களே. வட்டியே இல்லாதபோது அதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

வட்டி இல்லாத கடனை எந்த வங்கியும் தருவதில்லை. சுழிய வட்டி என்ற கருத்தே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது; வட்டிப் பகுதி வேறு கட்டணங்களின் பெயரில் மறைக்கப்பட்டு வாடிக்கையாளரிடம் வசூலிக்கப்படுகிறது என்பதுதான் அதன் கவலை. இன்று நடைமுறையில் உள்ள ஏற்பாட்டில் கடைக்காரரோ உற்பத்தியாளரோ அந்த வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட, வங்கி தன் வழக்கமான வட்டியை உங்களிடம் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சரியாகிவிடுவதால் உங்கள் கண்ணுக்கு வட்டி தெரிவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கேமராவின் விலை 72,000 ரூபாய், மாதம் 6,000 வீதம் 12 தவணை, வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வங்கி உண்மையில் கொடுக்கும் கடன் ஏறத்தாழ 66,476 ரூபாய். மீதி 5,524 ரூபாய் வட்டி. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைக் கடைக்காரர் ஏற்பதில்லை, நீங்கள்தான் கட்ட வேண்டும்: ஏறத்தாழ 994 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதற்கும் வரி சேர்த்து 235 ரூபாய். ஆக, வட்டி இல்லை என்ற கடனுக்கு 1,229 ரூபாய் கூடுதல்.

இதோடு முடிந்தால்கூடப் பெரிய தொகை இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே கேமராவை முழுத் தொகை கொடுத்து வாங்குபவருக்குக் கடைக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று கேட்க வேண்டும். 4,000 ரூபாய் குறைத்து 68,000-க்குத் தருகிறார் என்றால், தவணையில் வாங்குபவர் 68,000 ரூபாய்ப் பொருளுக்கு 73,229 ரூபாய் கொடுக்கிறார். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். கடைக்காரரிடம் ‘ரொக்க விலை என்ன?’ என்று முதலில் கேட்டு, அந்தப் பதில் கிடைத்த பிறகே தவணையைப் பற்றிப் பேச வேண்டும். வரிசையை மாற்றிக் கேட்டால் சரியான பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால், செயலாக்கக் கட்டணமும் அதுவரை கட்டிய வரியும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. தவணையை ரத்து செய்யும்படி வங்கிக்குத் தனியாகவும் சொல்ல வேண்டியிருக்கலாம்.

கிரெடிட் கார்டில் வாங்கி, பில் வந்ததும் முழுவதும் கட்டிவிடுகிறேன். இதில் என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை. வாங்கிய நாளையும் பில் தேதியையும் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 50 நாள் வரை வட்டியில்லாக் காலம் கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: போன மாத நிலுவை எதுவும் இருக்கக் கூடாது. பழைய பாக்கியில் ஒரு பகுதி நின்றிருந்தால்கூடப் புதிதாக வாங்கியதற்கும் அந்தச் சலுகை போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். இதை அறியாமல் ‘அடுத்த மாதம்தானே கட்டப்போகிறோம்’ என்று தேய்த்துவிட்டு, பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால்?

இதைத்தான் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுவது இந்தியாவில் வழக்கம். 60,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,100 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 378 ரூபாய், ஆக 2,478 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டியதில் அசலைத் தொட்டது 522 ரூபாய் மட்டுமே. ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 சதவீதம் என்றே கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதிருந்தாலும், கடன் பாதியாகக் குறைவதற்கே ஆறரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தக் கேமரா இரண்டு தலைமுறை பழையதாகியிருக்கும்.

மாதம் 6,000 ரூபாய் தவணை கட்டும் கட்டாயம் இருந்தால் கட்டிவிடுவேன். சேமிக்கச் சொன்னால் செலவாகிவிடுகிறது. இதற்கு என்ன வழி?

நேர்மையான கேள்வி, மிகப் பெரும்பாலோர் தவணையை நாடுவதற்கு உண்மையான காரணமும் இதுதான். கட்டாயம் வேண்டும் என்றால் அதைச் சேமிப்புக்கும் உண்டாக்கிக்கொள்ளலாம். வங்கியில் ஆர்.டி. என்னும் தொடர் வைப்பைத் தொடங்கி, சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாதம் 6,000 வீதம் 12 மாதம், 6.5 சதவீத வட்டியில், 72,000 ரூபாயோடு ஏறத்தாழ 2,500 ரூபாய் சேர்ந்து வரும். மேலே சொன்ன தவணைக்காரர் 68,000 ரூபாய்க் கேமராவுக்கு 73,229 கொடுத்தார். நீங்கள் அதே 68,000-ஐக் கொடுத்துவிட்டு, கையில் 6,500 ரூபாய் மிச்சம் வைத்திருப்பீர்கள். அந்த மிச்சத்தில் நல்ல மெமரி கார்டும் இரண்டாவது பேட்டரியும் வந்துவிடும்.

அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து ஆண்டுக்கானது. மூன்று ஆண்டு முடிவதற்குள் முன்கூட்டியே முடிக்க முடியாது. ஓராண்டுக் குறிக்கோளுக்கு அது பொருந்தாது. பங்குச் சந்தையிலும் இந்தப் பணத்தைப் போட வேண்டாம். ஓராண்டில் தேவைப்படும் தொகை, தேவைப்படும் நாளில் குறைந்திருந்தால் பயனில்லை.

சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்துச் சேர்க்கிறேன் என்பவர்களில் வெற்றி பெற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பணம் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு சேர்ப்பது என்பதில் புதியவர்கள் ஒரு பிழை செய்கிறார்கள். கேமராவின் விலையை மட்டும் இலக்காக வைக்கிறார்கள். பை, கார்டு, கூடுதல் பேட்டரி இவற்றோடு, நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காக்க ஓர் உலர்பெட்டியும் தேவை. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். விலையோடு பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இலக்கு வைத்தால் பின்னால் கடன் கேட்க நேராது.

நான் சேர்த்து முடிப்பதற்குள் விலை ஏறிவிடாதா? புதிய மாடல் வந்துவிடாதா?

இரண்டும் நடக்கலாம். கேமராக்கள் பெரும்பாலும் இறக்குமதிப் பொருள் என்பதால் ரூபாயின் மதிப்பு சரிந்தால் விலை ஏறும். ஆனால் காத்திருந்தவருக்கு நன்மையாக முடிந்த காலங்களும் உண்டு. டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2019 ஜனவரி 1 முதல் குறைக்கப்பட்டது. அதற்கு முந்திய தீபாவளிக்கு அவசரமாகத் தவணை போட்டவர்கள் பழைய வரியோடு சேர்த்து வட்டியும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதிய மாடல் வருவதை அச்சமாகப் பார்க்க வேண்டியதில்லை. 2018-இல் நிக்கானும் கேனானும் பெரிய உணரி கொண்ட முழுச் சட்டக மிரர்லெஸ் (உள்ளே எதிரொளிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்காகப் புதிய லென்ஸ் பொருத்திகளை, அதாவது லென்ஸை மாட்டும் இணைப்புகளை, கொண்டுவந்தன. கண்ணாடி உள்ள கேமராக்களுக்கான நிக்கானின் எஃப் பொருத்தி 1959 முதலும், கேனானின் இஎஃப் பொருத்தி 1987 முதலும் இருந்து வந்தவை; இவற்றுக்காகப் பல பத்தாண்டுகளில் வந்த நல்ல லென்ஸ்கள் ஏராளம். பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோது அவை பழைய பொருள்களின் சந்தைக்கு வந்தன. கேனானின் பழைய இஎஃப் லென்ஸை ஓர் அடாப்டர் கொண்டு புதிய கேமராவிலும் மாட்டலாம். அதாவது, பொறுத்திருந்தவர்கள் அதே லென்ஸை மிகக் குறைந்த விலையில் பெற்றார்கள். முந்தியவர்களில் சிலர் தவணை முடியும் முன்பே அதை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கேமரா உடலின் மதிப்பு வேகமாகக் குறையும், நல்ல லென்ஸின் மதிப்பு மெல்லக் குறையும். ஆகையால் தவணையில் கேமரா உடல் வாங்குவதில் ஒரு தனி ஆபத்து உண்டு: நடுவழியில் விற்க நேர்ந்தால், கிடைக்கும் விலை மீதித் தவணைக்கே போதாமல் போகலாம்.

தீபாவளித் தள்ளுபடி தவறிப்போகுமே?

தள்ளுபடி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அதை நோக்கியே உங்கள் ஆர்.டி.யை அமைத்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கலில் பறவைக் காலம் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும் நேரத்தில் கேமரா கையில் இருக்க வேண்டுமானால், முந்திய பருவம் முடிந்ததும் தொடங்கி, தீபாவளிக்குச் சற்று முன் முதிர்வு வரும்படி திட்டமிடலாம். போனஸ் கிடைக்கும் வேலையில் இருப்பவர்கள் அதில் ஒரு பகுதியைச் சேர்த்தால் மாதத் தொகை குறையும். முழுப் பணத்தோடு பண்டிகைச் சந்தைக்குள் நுழைபவருக்கு எந்தக் கடையிலும் பேரம் பேசும் உரிமை இருக்கிறது. தவணைத் திட்டத்தில் வருபவர் அந்தத் திட்டம் உள்ள கடைக்கும் மாடலுக்கும் கட்டுப்பட்டவர்.

அதுவரை படமே எடுக்காமல் இருப்பதா?

வேண்டாம், அது பொழுதுபோக்கையே கொன்றுவிடும். இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது வாடகை. சென்னை, கோவை போன்ற நகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடையாள ஆவணமும் முன்பணமும் கேட்பார்கள். நான்கு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பார்த்தால் அந்த லென்ஸின் எடையை உங்கள் தோள் தாங்குமா, விடியற்காலையில் ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் நிற்க உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமா என்பவை தெரிந்துவிடும். பெரிய தொலைநோக்கு லென்ஸ் வாங்க எண்ணுபவர்கள் அனைவரும் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

இரண்டாவது, கையில் உள்ள பணத்துக்குள் அடங்கும் பழைய கேமரா. பழையதை வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, சிலந்தி வலை போன்ற பூஞ்சைப் படலம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அசல் பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் கேளுங்கள். பில் இல்லாமல் கிரே மார்க்கெட்டில், அதாவது நிறுவனத்தின் முறையான விற்பனை வழிக்கு வெளியே, வந்த கேமராவுக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்காது. பத்தாண்டு பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) ஒன்றும் 50 மி.மீ. லென்ஸும் கொண்டு தெருவையும் முகங்களையும் கோயில் திருவிழாவையும் மிக நன்றாகப் படமாக்க முடியும். என்னுடைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை சில அப்படிப்பட்ட கேமராவில் எடுத்தவையே.

பழைய கேமராவைத் தனியார் ஒருவர் விற்கிறார், ரொக்கம் கேட்கிறார். கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். அதைவிட நண்பரிடம் ஒரு மாதக் கைமாற்று வாங்குவது மேல், அதையும் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும்.

நகைக் கடன் வட்டி குறைவுதானே? சீட்டு எடுத்து வாங்கினால்?

வங்கியின் நகைக் கடன் வட்டி கிரெடிட் கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகவே இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. நகை என்பது நம் வீடுகளில் நோய்க்கும் படிப்புக்கும் வைத்திருக்கும் கடைசிக் காப்பு. அந்த நகை பெரும்பாலும் மனைவியுடையதாகவோ தாயுடையதாகவோ இருக்கும். கேமரா மட்டும் நம்முடையதாக இருக்கும். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போய், கடைசியில் நகை மூழ்கிப்போன வீடுகளை நான் அறிவேன்.

சீட்டைப் பொறுத்தவரை, அதில் தொடக்கத்தில், ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். 20 பேர் மாதம் 5,000 போடும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை இரண்டாம் மாதமே 30,000 தள்ளி எடுத்தால், கையில் 70,000 வாங்கிக்கொண்டு மீதி 18 மாதமும் கட்ட வேண்டும். தள்ளிய தொகையிலிருந்து மாதாமாதம் பங்காக வரும் கழிவு, கட்டுவதைக் கொஞ்சம் குறைத்தாலும் அது மலிவான கடன் அன்று. கடைசி மாதங்களில் எடுக்கும் பொறுமை உள்ளவருக்குச் சீட்டு ஒரு கட்டாயச் சேமிப்பு. அப்போதும் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டும் சேர வேண்டும். நடத்துபவரின் கமிஷன் சீட்டுத் தொகையில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2019-இல் திருத்தப்பட்ட வரம்பு. தெருவில் தெரிந்தவர் நடத்துகிறார் என்பது மட்டும் போதாது.

கைபேசிச் செயலிகள் ஐந்தே நிமிடத்தில் கடன் தருகின்றனவே?

ஐந்து நிமிடத்தில் கிடைப்பதாலேயே பொழுதுபோக்குக்கு அது ஆகாது என்பது என் கருத்து. ஆசை தணிவதற்கு ஐந்து நிமிடம் போதாது. அப்படியும் எடுப்பதாக இருந்தால் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, கடன் தொகை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கி அல்லது நிதி நிறுவனத்திடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அபராதம் இல்லாமல் கடனை விட்டு வெளியேறச் சிறிது காலம் தர வேண்டும். செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

கடன் எதுவும் வாங்காவிட்டால் கிரெடிட் ஸ்கோர் வராது என்கிறார்கள். அதற்காகவாவது தவணை போடலாமா?

தேவையில்லை. கிரெடிட் கார்டில் மளிகை, பெட்ரோல் போன்ற வழக்கமான செலவைச் செய்து, பில்லை முழுவதும் உரிய நாளுக்குள் கட்டிவந்தாலே 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண் உருவாகும். கார்டு தவணை போட்டால், முழுத் தொகைக்கும் கடன் வரம்பு முடக்கப்படுகிறது. ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள கார்டில் 72,000-க்குத் தவணை போட்டவர், வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற பொதுவான அறிவுரையைப் பல மாதங்களுக்குக் கடைப்பிடிக்க முடியாது.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். தகுதியைக் கணக்கிடும்போது வங்கி உங்கள் நடப்புத் தவணைகளை வருமானத்திலிருந்து கழித்துப் பார்க்கிறது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடனுக்கு, லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். அந்தக் கணக்கில், கேமராவுக்குப் போகும் 6,000 ரூபாய்த் தவணை உங்கள் வீட்டுக் கடன் தகுதியில் ஏறக்குறைய ஏழு லட்சத்தைக் குறைக்கக்கூடும்.

திருமணப் படம் எடுத்துச் சம்பாதிக்கப்போகிறேன். எனக்கும் இதே பதில்தானா?

இல்லை, தொழிலுக்கு வேறு கணக்கு. கையில் உறுதியான ஒப்பந்தங்களும் முன்பணமும் இருந்து, அவற்றின் வருமானம் தவணையைத் தாங்கும் என்றால் கடன் ஒரு தொழில் செலவு. ‘சம்பாதிக்கப்போகிறேன்’ என்பது மட்டும் இருந்தால், முதல் ஐந்து நிகழ்ச்சிகளை வாடகைக் கருவியில் செய்துவிட்டு, பிறகு என்னைக் கேளுங்கள்.

வீட்டில் சொல்ல வேண்டுமா? என் சம்பளம், என் தவணை.

சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைநோக்கு லென்ஸை 18 மாதத் தவணையில், வீட்டில் விலையைச் சொல்லாமல் வாங்கினேன். ஐந்தாம் மாதம் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. காப்பீடு போக மீதிச் செலவுக்குப் பணம் புரட்ட வேண்டியிருந்தது. கார்டில் வரம்பு இல்லை, ஏனென்றால் லென்ஸ் அதை முடக்கி வைத்திருந்தது. லென்ஸை வாங்கிய விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு விற்றேன். அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போயிற்று. அதன் பிறகு 13 மாதம், கையில் இல்லாத லென்ஸுக்குத் தவணை கட்டினேன். அம்மா நலமாகிவிட்டார். என் மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது இருவரும் அமைதியாகிவிடுவோம். வீட்டுக்கு அவசர நிதியாக மூன்று மாதச் செலவாவது தனியே இல்லாதவர் பொழுதுபோக்குக்குக் கடன் வாங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது அந்த 13 மாதங்களின் காரணமாகத்தான்.

நான் மாணவன், வருமானம் இல்லை. அப்பாவின் கார்டில் தவணை போட்டுப் பகுதிநேர வேலையில் கட்டட்டுமா?

கட்டத் தவறினால் கெடுவது அப்பாவின் கடன் வரலாறு. முதலில் பகுதிநேர வேலையில் ஆறு மாதம் சேர்த்துப் பாருங்கள். கல்லூரிப் புகைப்பட மன்றங்களில் கேமரா இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம்.

ஏற்கெனவே தவணையில் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வருந்திக்கொண்டிருக்காமல் கேமராவை நன்றாகப் பயன்படுத்துங்கள். தவணைக்குத் தானியங்கிப் பிடித்தம் போட்டு, அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருப்பதை உறுதி செய்யுங்கள். உரிய நாள் கடந்து மூன்று நாளுக்கு மேல் நிலுவை நின்றால்தான் தாமதக் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று 2022 முதல் கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது; நாள் தவறியது தெரிந்தவுடனே கட்டிவிட்டால் அந்தக் கட்டணத்திலிருந்து தப்பலாம்.

போனஸ் போன்ற தொகை வந்தால் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லதா என்பது முடிப்புக் கட்டணத்தைப் பொறுத்தது. மீதமுள்ள வட்டியையும் வரியையும் விட அந்தக் கட்டணம் குறைவாக இருந்தால் முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று தவணைகளே இருந்தால் பெரும்பாலும் பயனில்லை. நிதி நிறுவனத்தில் தனிக் கடனாக வாங்கியிருந்தால் கடைசித் தவணைக்குப் பிறகு கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் அது ‘முடிந்தது’ என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.